புதுப்பிப்பு: அக்காவிடம் பேசிவிட்டேன்

போன வாரம் எழுதியிருந்தேன்: மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் டீம் அக்கா ஒருவர் "ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து பிள்ளை வளர்க்கிறதா?" என்று கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை என்று. பேசச் சொன்னீர்கள். நேற்று பேசினேன்.

2023 அக்டோபர் 17 தீர்ப்பைச் சொன்னேன். ஒருபாலினத் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. தத்தெடுக்கும் உரிமையும் 3-2 என்ற கணக்கில் கைநழுவியது. தனியாளாகத் தத்தெடுக்கலாம், ஜோடியாக என்றால் இரண்டு வருட மணவாழ்க்கை வேண்டும். ஆக, இருவர் வளர்த்தாலும் சட்டத்துக்கு ஒருத்திதான் அம்மா. "அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா குழந்தை யாருகிட்டக்கா போகும்?"

அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "எங்கம்மா போனப்புறம் என்னை வளர்த்தது அத்தையும் பாட்டியும்தான்" என்றார்.

கல்யாணம் என்றால் இன்னமும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. "ஆனா பிள்ளையை அந்தரத்துல விடக்கூடாதுப்பா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

குடும்பம் அமைய திருமணம் மட்டுமே வழியல்ல என்று 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னதை மறந்துவிட்டேன். திங்கட்கிழமை சொல்கிறேன்.