சமச்சீரற்ற கியர் பற்கள்: பெரிய அழுத்தக் கோணத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது?

கேள்வி:
ஒரே திசையில் மட்டும் சுமை ஏற்கும் ஸ்பர் கியர் (அச்சுக்கு இணையான நேர்ப் பற்கள் கொண்ட கியர்) இணை ஒன்றை வடிவமைத்து வருகிறேன். மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 4, பினியனில் (சிறிய கியரில்) 20 பற்கள், சக்கரத்தில் 50, கார்பன் ஏற்றிக் கடினப்படுத்திய எஃகு. அழுத்தக் கோணத்தை (பல்லின் பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) இரு பக்கமும் 20° எனக் கொண்டால் பினியன் பல்லின் வேரில் வளைவுத் தகைவு அனுமதி அளவைச் சற்றே தாண்டுகிறது. மைய தூரத்தையோ பல்லின் அகலத்தையோ கூட்ட இடமில்லை. பின்பக்கத்தை 20° ஆகவே விட்டு, சுமை தாங்கும் பக்கத்தை 35° ஆக்கினால் பல்லின் அடி தடித்துத் தகைவு குறையும் அல்லவா?

மறுமொழி 1:
அடி தடிக்கும், ஆனால் நுனி மெலியும். உங்கள் பினியனுக்குக் கணக்கிட்டால் நுனித் தடிமன் 20°/20° (சுமைப் பக்கம்/பின்பக்கம்) அமைப்பில் மாட்யூலின் 0.69 மடங்கு, 30°/20° இல் 0.50, 35°/20° இல் 0.37. மேற்பரப்பு கடினப்படுத்திய பல்லுக்கு 0.4 மடங்குக்குக் கீழே போவதை நான் ஏற்கமாட்டேன். நுனி முழுவதும் கடினமாகி உடையக்கூடும். தொடர்பு விகிதமும் (ஒரே சமயத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பல் இணைகளின் சராசரி எண்ணிக்கை) 1.66 இலிருந்து 30° இல் 1.35 ஆகவும் 35° இல் 1.28 ஆகவும் இறங்குகிறது. அது இறங்க இறங்க, ஒற்றைப் பல்லே முழுச் சுமையையும் தாங்கும் பகுதி நுனியை நோக்கி நீள்வதால், அடி தடித்ததால் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பங்கு நெம்புகோல் நீளத்திலேயே கரைந்துவிடும். 30° இல் நிச்சயமாகக் கிடைப்பது வேறொன்று: பிட்ச் புள்ளியில் (இரு கியர்களின் பற்களும் சறுக்காமல் உருளும் இடம்) தொடுதகைவு, அதாவது பற்களின் மேற்பரப்புகள் ஒன்றையொன்று அழுத்துவதால் எழும் தகைவு, ஏறத்தாழ 14% குறையும். அதற்கு ஈடாக, தொடுகோட்டு விசையின் 0.36 மடங்காக இருந்த ஆரவிசை (இரு கியர்களையும் விலக்கித் தள்ளும் விசை) 0.58 மடங்காக உயர்வதால் பேரிங்குகளைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

மறுமொழி 2:
வளைவு வலிமைதான் நோக்கம் என்றால் கோணத்தைவிட வேர் வளைவையே (பல்லின் அடி கியரின் உடலோடு சேரும் குழிந்த வளைவு) முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இழுவிசைத் தகைவு உச்சம் அடைவதும் அயர்வு விரிசல் வழக்கமாகத் தொடங்குவதும் சுமை தாங்கும் பக்கத்து வேர் வளைவில்தான். 1.25 மாட்யூல் ஆழம் வெட்டும் ஹாப்பின் (கியர்ப் பற்களை வெட்டும் சுழல் கருவி) பல்நுனி, 20°/20° இல் 0.66 மாட்யூல் அகலம் கொண்டது. 30°/20° இல் அது 0.39 ஆகச் சுருங்குகிறது. அந்த நுனியை முழுவதுமாக உருட்டினாலும் ஆரம் 0.31 மாட்யூலுக்கு மேல் வராது. கியர்ப் பல்லின் அடிப்படை வடிவத்துக்கான ஐஎஸ்ஓ 53 தரத்தின் ஏ வகை வடிவமே 0.38 தருகிறது! பின்பக்கக் கோணத்தைக் குறைத்து இடம் தேடலாம். ஆனால் 20 பற்கள் உள்ள பினியனில் ஏறத்தாழ 18.4° க்குக் கீழே போனால், வடிவப் பெயர்ச்சி (வெட்டும் கருவியை வழக்கமான இடத்திலிருந்து நகர்த்தி வைப்பது) இல்லாத நிலையில், அந்தப் பக்கம் அடிவெட்டு விழும், அதாவது கருவி பல்லின் அடியைக் குடைந்துவிடும். ஆகவே வேர் வளைவை ஹாப்பின் போக்குக்கு விடாமல் தனியே வடிவமைத்து, ஃபார்ம் கிரைண்டிங் (வேண்டிய வடிவில் அமைத்த சாணைச் சக்கரத்தால் தேய்ப்பது) போன்ற முறையில் உருவாக்குவதே பயன் தரும்.

கேள்வி கேட்டவர்:
இரு மறுமொழிகளுக்கும் நன்றி. சுமைப் பக்கத்தை 28° ஆக வைத்துப் பார்க்கிறேன். வேர்த் தகைவை ஐஎஸ்ஓ 6336 (கியர் வலிமைக் கணக்கீட்டுத் தரம்) முறையிலேயே சரிபார்க்கலாமா?

மறுமொழி 2:
அந்த முறையின் வடிவக் காரணிகள் சமச்சீர்ப் பல்லை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் வரம்புறு கூறு பகுப்பாய்வு (பல்லைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் தகைவைக் கணக்கிடுவது) தேவை. ஒற்றைப் பல் தொடர்பின் மேல் எல்லைப் புள்ளியோடு நிறுத்தாமல், அதையொட்டிய நிலைகளிலும் சுமையை வைத்துப் பாருங்கள். இன்னொன்று: இரு கியர்களையும் தண்டில் திருப்பி மாட்டிவிட்டால் சுமை பின்பக்கத்துக்குப் போய்விடும், ஆகவே ஹப்பின் ஒரு புறத்தில் மட்டும் படி வைத்து, தவறாகப் பொருத்தவே முடியாதபடி செய்துவிடுங்கள்.