எக்செல் கோப்பை எஸ்ஏபி பிஓவுக்குள் கொண்டுவர உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கிளைகளிலிருந்து எக்செல்லில் வரும் ஆர்டர் பட்டியலை எஸ்ஏபி பிஓ (மென்பொருள்களுக்கு இடையே தரவைக் கடத்தும் எஸ்ஏபியின் இணைப்பு மென்பொருள்) வழியாக ஈஆர்பிக்கு, அதாவது நிறுவனத்தின் மைய நிர்வாக மென்பொருளுக்கு, அனுப்ப வேண்டும். பிஓவில் கோப்புகளைப் படிக்கும் பகுதியான ஃபைல் அடாப்டர், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வரிகள்) போன்ற வெறும் எழுத்துக் கோப்பைத்தான் பிஓவுக்குத் தேவையான எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றும். எக்செல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்போ ஜிப்புக்குள் கட்டிய மூட்டை. சிஎஸ்வியாகச் சேமித்து அனுப்பச் சொல்லலாம்தான், ஆனால் இரவு எட்டு மணிவரை கணக்கு முடிப்பவர்களுக்கு இன்னொரு வேலை வைக்க மனமில்லை.

அதனால் எக்செல் கோப்புகளைப் படிக்கும் ஜாவா நிரல் தொகுப்பான அப்பாச்சி பிஓஐ வைத்து ஜாவாவில் ஒரு அடாப்டர் மாட்யூல் (அடாப்டருக்குள் செருகும் சிறு நிரல்) எழுதினேன். வரிகள் சரியாக வருகின்றன. ஆனால் திரையில் 01-01-2024 என்று தெரியும் தேதி, எக்செல் உள்ளே வைத்திருக்கும் நாள் எண்ணான 45292 ஆக வருகிறது. 00417 என்ற பொருள் எண் 417 ஆகிவிடுகிறது. பிஓஐயில் உள்ள டேட்டாஃபார்மேட்டர் போட்டுத் திரையில் தெரிகிறபடியே எடுத்துவிடலாமா? கிளைக்குக் கிளை தேதி வடிவம் மாறுவதால்தான் தயங்குகிறேன். அப்புறம், பெரிய கோப்புகளுக்கு நினைவகத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.