அந்த 75 சதவீதம் எந்தக் கையில் இருக்கிறது?

பரிதி:
இந்த மன்றத்தில் முதுமையும் மரபணுவும் பற்றிய முந்தைய இழையில் கல்நார் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஆயுளில் மரபணுவின் பங்கு வெறும் 25 சதவீதம்தான். மீதி 75 சதவீதம் உங்கள் கையில். சாக்குச் சொல்லாமல் ஒழுங்காக வாழுங்கள்." நான் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே கேட்கிறேன். அந்த 75 எந்தக் கையில் இருக்கிறது?

25 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1996இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு. 1870 முதல் 1900 வரை பிறந்த 2872 ஜோடி இரட்டையர்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரின் ஆயுள் எவ்வளவு ஒத்துப்போகிறது, இரண்டு கருமுட்டைகளிலிருந்து பிறந்தவர்களின் ஆயுள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டார்கள். ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 23 சதவீதம் வந்தது. மிச்சமெல்லாம் மரபணுவால் விளக்க முடியாதது. விபத்து அதில் இருக்கிறது, தொற்று இருக்கிறது, ஒரு செல் பிரியும்போது நேரும் தற்செயலான பிழையும் இருக்கிறது. இதையெல்லாம் மூட்டை கட்டி "உங்கள் கையில்" என்று கொடுக்க இவருக்கு யார் அதிகாரம் தந்தது?

கல்நார்:
வணக்கம் பரிதி ஐயா. இழை பூட்டப்பட்டதற்கு உங்கள் மொழிதான் காரணம், என் எண் அல்ல. 25 என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். 100இல் 25 போனால் 75. இதில் என்ன தவறு? புகைப்பது, குடிப்பது, உடலை அசைக்காமல் கிடப்பது எல்லாம் மரபணுவா?

தேன்மொழி_ந:
சண்டைக்கு முன் ஒரு சின்னக் கேள்வி. எதைப் பற்றிப் பேசுகிறோம்? ஒருவர் எத்தனை வயது வரை வாழ்கிறார் என்பது ஒன்று. அவர் உடல் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பது வேறு. இந்தச் சதவீதமும் ஒரு தனி மனிதரின் ஆயுளைப் பங்கு போட்டுச் சொல்வதில்லை. ஒரு மக்கள்தொகைக்குள் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதைத்தான் சொல்கிறது. சூழல் மாறினால் அதே மரபணுக்களுக்கு வேறு எண் வரும். இதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமா?

பரிதி:
அதெல்லாம் அப்புறம். முதலில் 75க்குப் பதில் வரட்டும்.

இமையோன்:
25ஏ அதிகம். 2018இல் வந்த ஆய்வை யாரும் படிக்கவில்லையா? குடும்ப மரங்களிலிருந்து 40 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பிறப்பு, இறப்புத் தேதிகளை எடுத்துப் பார்த்தார்கள். உடன்பிறந்தவர்களுக்கு மட்டுமல்ல, மைத்துனருக்கும் மைத்துனருக்கும்கூட ஆயுள் ஓரளவு ஒத்துப்போனது. அவர்களுக்குள் இரத்த உறவும் இல்லை, ஒரே வீட்டில் வளரவும் இல்லை. ஏன் ஒத்துப்போகிறது? மனிதர்கள் தங்களைப் போன்ற வசதியும் பழக்கமும் உள்ளவர்களையே மணக்கிறார்கள். அதைக் கழித்தபின் மரபணுவின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆக 75 இல்லை, 90க்கும் மேல்!

கல்நார்:
நன்றி இமையோன். நான் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறேன் என்று தெரிகிறது.

பரிதி:
மகிழ்ச்சியில் குதிக்க வேண்டாம். இமையோன் சொன்ன ஆய்வு உங்களைத்தான் கவிழ்க்கிறது. மைத்துனர்களின் ஆயுள் ஒத்துப்போனது எதனால்? பிறந்த குடும்பத்தின் வசதி, படிப்பு, வாழ்ந்த இடம். இதில் எது ஒருவர் கையில் இருந்தது? எந்த வீட்டில் பிறக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டுவிட்டா பிறக்கிறோம்? 10 என்றாலும் சரி, 25 என்றாலும் சரி, மரபணு இல்லாததெல்லாம் ஒழுக்கம் ஆகிவிடாது. எந்தக் கை? மறுபடியும் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். டென்மார்க், ஃபின்லாந்து, சுவீடன் மூன்று நாட்டு இரட்டையர்கள் 20,000 பேருக்கு மேல் வைத்து 2006இல் ஓர் ஆய்வு வந்தது. 60 வயதுக்கு முன் மரபணுவின் செல்வாக்கு மிகக் குறைவு, அதன் பிறகு கூடிக்கொண்டே போகிறது என்று கண்டார்கள். அதாவது ஒரே எண் எல்லா வயதுக்கும் பொருந்தாது. கல்நார் 25ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

கல்நார்:
தொங்குவது நானா? இந்த இழையில் 25 என்று அதிகம் எழுதியவர் நீங்கள்தான், எண்ணிப் பாருங்கள்.

தேன்மொழி_ந:
நோயெதிர்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே, அங்கேதான் விஷயம் சுவையானது. 2015இல் 210 இரட்டையர்களின் இரத்தத்தில் 204 அளவீடுகளை எடுத்தார்கள். முக்கால் பங்கு அளவீடுகளில் மரபணுவை விட மற்றக் காரணங்களே மேலோங்கி நின்றன. அதிலும் ஒரு விவரம் என்னால் மறக்க முடியாதது. சைட்டோமெகலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. பலருக்குத் தொற்றியதே தெரியாது, ஆனால் ஆயுள் முழுக்க உடலில் தங்கிவிடும். ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு அது தொற்றி மற்றவருக்குத் தொற்றாவிட்டால், பாதிக்கும் மேற்பட்ட அளவீடுகள் இருவருக்கும் விலகிப் போகின்றன. மரபணு அதேதான், நோயெதிர்ப்பு மண்டலம் மட்டும் வேறு ஆளுடையது போல ஆகிவிடுகிறது.

பரிதி:
அருமை. இதைத்தான் சொல்கிறேன். அந்த வைரஸ் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே எச்சில் வழியாக வந்துவிடுகிறது. கல்நார், அதுவும் உங்கள் கையில் இருந்ததா? தவழும் வயதில் ஒழுங்காக வாழ்ந்திருக்க வேண்டுமா?

இமையோன்:
தேன்மொழி பாதியைத்தான் சொன்னார். அதே 2015இல், அதே ஆய்விதழில், பிரிட்டனின் இரட்டையர் பெண்களை வைத்து இன்னொரு கட்டுரை வந்தது. அவர்கள் நோயெதிர்ப்புச் செல்களை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து எண்ணினார்கள். சில செல் வகைகளின் அளவில் மரபணுவின் பிடி பலமாக இருந்தது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தேன்மொழி_ந:
அதைத்தானே முதல் பதிவிலேயே கேட்டேன், எதை அளக்கிறோம் என்று? அப்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்நார்:
சகோதரி, கோபிக்க வேண்டாம். பரிதி இருக்கும் இழையில் அவரைத் தவிர யாரையும் யாரும் திரும்பிப் பார்க்க முடியாது.

ஹார்மோன் பக்கம் வருகிறேன். கொரியாவின் சோசன் அரச காலத்து அரண்மனை அலிகளின், அதாவது விந்தகம் அகற்றப்பட்ட ஆண்களின், வம்சாவளிப் பதிவை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். 81 பேர். சராசரி ஆயுள் 70 வயது. அதே காலத்தில், அதே சமூக நிலையில் இருந்த மற்ற ஆண்களை விட 14 முதல் 19 ஆண்டுகள் அதிகம். மூன்று பேர் நூறைத் தொட்டிருக்கிறார்கள். அவர்கள் மரபணு மாறவில்லை. விந்தக ஹார்மோன் இல்லை, அவ்வளவுதான். மரபணுவே விதி என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

பரிதி:
ஆக விந்தகத்தை எடுத்துவிடுவதும் "உங்கள் கையில்" என்ற கணக்கில் வருகிறதா? இதுதான் உங்கள் வாழ்க்கைமுறை அறிவுரையா? கேட்கிறவர்கள் தெளிவாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

போன வருடம் டெலோமியர் இழையிலும் இதேதான் செய்தீர்கள். குரோமோசோம் நுனியான அந்த டெலோமியரின் நீளத்தை ஒரு முறை அளந்தால் ஆயுள் தெரிந்துவிடும் என்று அடித்துச் சொன்னீர்கள். பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் கிடைத்தது நுனியைக் காக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்கு. சோதிடம் சொன்னதற்கு அல்ல. நான் எழுதிய பதிலுக்கு இன்றுவரை உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நான் மறக்கவில்லை.

கல்நார்:
அந்த இழையில் என் நான்கு பதிவுகள் காணாமல் போயின. யார் புகார் செய்தார்கள் என்று எனக்கும் தெரியும். நானும் மறக்கவில்லை.

இமையோன்:
ஹார்மோன் என்றால் ஈக்வடாரில் லாரன் நோய்க்குறி உள்ளவர்களைப் பார்க்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் மரபணுவில் பழுது. ஹார்மோன் சுரக்கிறது, உடலுக்கு அது கேட்பதில்லை. அதனால் அந்த ஹார்மோனின் தூண்டலில் உருவாகும் ஐஜிஎஃப்1 மிகக் குறைவு, உயரமும் குறைவு. ஆனால் 2011இல் வெளிவந்த நீண்டகால ஆய்வில் அவர்களுக்கு நீரிழிவு இல்லவே இல்லை, புற்றுநோயும் ஏறக்குறைய இல்லை. அதே குடும்பங்களில் சாதாரண உயரம் உள்ள உறவினர்களுக்கு இரண்டும் வந்தன. ஒரே ஒரு மரபணு. பரிதிக்கு ஆதரவாகவே சொல்கிறேன், இந்த முறை.

கல்நார்:
முழுதாகச் சொல்லுங்கள். அவர்கள் உறவினர்களை விட அதிக ஆண்டுகள் வாழ்ந்தார்களா? இல்லை. விபத்திலும் குடியாலும் இறந்திருக்கிறார்கள். இதைத்தானே 75 என்கிறேன்!

பரிதி:
விபத்து ஒருவரின் கையில் இருக்கிறதா? விபத்து என்ற சொல்லுக்கே அர்த்தம் அதுவல்லவே.

கல்நார்:
குடி கையில் இருக்கிறது. கிண்ணம் பிடிப்பது கைதான்.

தேன்மொழி_ந:
மாதவிடாய் நிற்கும் வயதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுளை விட அதில் மரபணுவின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. 2021இல் சுமார் 2 லட்சம் பெண்களின் தகவலை வைத்து ஏறக்குறைய 290 மரபணு இடங்களைக் கண்டார்கள். அவற்றில் பல, டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்யும் வேலையோடு தொடர்புடையவை. செக்2 என்ற மரபணு பழுதான கருமுட்டையை அழித்துவிடச் சொல்வது. அதன் ஒரு பிரதி செயலிழந்த பெண்களுக்கு முட்டைகள் மெதுவாகத் தீர்கின்றன, மாதவிடாய் நிற்பது சில ஆண்டுகள் தள்ளிப்போகிறது. அதே பழுது மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஓரிடத்தில் இளமையைத் தருவது இன்னோரிடத்தில் ஆபத்து. இதை 25, 75 என்று எந்தத் தட்டில் வைப்பீர்கள்? இளமையில் பயன் தரும் மரபணு முதுமையில் தீங்கு செய்தாலும் இயற்கைத் தேர்வில் தங்கிவிடும் என்று பரிணாம உயிரியலாளர் வில்லியம்ஸ் 1957லேயே எழுதிவிட்டார்.

இமையோன்:
வில்லியம்ஸுக்கு முன்பே உயிரியலாளர் மெடவார் சொல்லிவிட்டார்.

தேன்மொழி_ந:
மெடவார் சொன்னது வேறு. பின்வயதில் மட்டும் தீங்கு செய்யும் மாற்றங்களை இயற்கைத் தேர்வால் களைய முடியாமல் அவை சேர்ந்துகொண்டே போகின்றன என்பது அவர் வாதம். பயனுக்கும் தீங்குக்கும் ஒரே மரபணு என்பது வில்லியம்ஸ். கலக்காதீர்கள்.

இமையோன்:
கலக்கவில்லை. முன்பே என்றுதான் சொன்னேன். 1957க்கு முன்பு 1952 வருகிறது.

பரிதி:
மெடவாரையும் வில்லியம்ஸையும் வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தேன்மொழி நல்ல செய்தி தந்தார், அதையும் கல்நார் தாண்டிப் போய்விடுவார், பாருங்கள்.

புரோஜீரியா குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். எல்எம்என்ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம், பெற்றோரிடம் இல்லாதது, புதிதாக வந்தது. தோல் சுருங்கி, முடி உதிர்ந்து, இரத்தக்குழாய்கள் முதியவரைப் போல இறுகி, பெரும்பாலும் பதின்வயதிலேயே இறந்துவிடுகிறார்கள். அந்தப் பெற்றோர் படிக்கும் இடத்தில் வந்து "75 உங்கள் கையில், சாக்குச் சொல்லாதீர்கள்" என்று எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணை விடுங்கள், அந்த வரியில் இருக்கும் குற்றச்சாட்டை எடுங்கள். நோய் வந்தவரெல்லாம் தப்புச் செய்தவர் என்றல்லவா அது சொல்கிறது?

கல்நார்:
கோடியில் சிலருக்கு வரும் நோயைக் காட்டி எல்லோரையும் சோபாவில் படுக்க வைக்கிறீர்கள். நான் எழுதியது மற்றவர்களுக்கு. என் பதிவைப் படித்துப் புகைப்பதை விட்டதாக இரண்டு பேர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார்கள். உங்கள் பதிவைப் படித்து யார் எதை விட்டார்கள்?

பரிதி:
புகையை விடச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அதற்கு 75 எதற்கு? "புகைத்தால் ஆயுள் குறையும்" என்பது உண்மை, அது போதும்.

கல்நார்:
25 உண்மையா இல்லையா? ஒரு சொல்லில் பதில் வேண்டும்.

பரிதி:
1870இல் பிறந்த டென்மார்க்காரருக்கு உண்மை.

கல்நார்:
ஒரு சொல்லில் கேட்டேன், நான்கு சொல்லில் ஓடுகிறீர்கள்.

மட்டுறுத்துநர்:
இருவரும் தனிப்பட்ட பழைய கணக்குகளை இங்கே கொண்டுவர வேண்டாம். தலைப்பு மரபணு, ஹார்மோன், நோயெதிர்ப்பு.

பரிதி:
முந்தைய இழையைப் பூட்டியது நீங்கள்தானே? என் பதிவுக்கு முன்பா, கல்நார் பதிவுக்குப் பின்பா என்று நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவருடைய வரி கடைசி வரியாக நிற்கிறது. புதிதாக வருகிறவர் அதைத்தான் முடிவு என்று படிப்பார்.

கல்நார்:
கடைசி வரி யாருடையது என்பதுதான் உங்கள் கவலை என்று இப்போதாவது வெளியே வந்ததே.

பரிதி:
என் கவலை 75. எந்தக் கை என்று இன்னும் சொல்லவில்லை.