சோற்றைக் குறைத்தபோது சர்க்கரை மாத்திரை என்ன ஆனது? அனுபவப் பகிர்வு

காவிரிக்கரை மருந்தாளுநர்:

மாதந்தோறும் எங்கள் கடையில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை வாங்கும் பெரியவர் ஒருவர், மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையைத் தொடங்கிய புதிதில், ஒரு முற்பகல் கல்லாவுக்கு எதிரே நின்றபடியே சட்டை நனைய வியர்த்து, கேட்டதற்குத் தொடர்பில்லாத விடை சொல்லத் தொடங்கினார். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை மிகத் தாழ்ந்து 54 காட்டியது. குளுக்கோஸ் கரைத்து நீட்டினேன். டம்ளரைப் புறங்கையால் தள்ளிவிட்டு, "இனிப்பை விட்டுவிட்டேன் தம்பி, கெடுத்துவிடாதே" என்றார். அவர் தள்ளிய விதம் இன்றும் என் மனத்தை அரிக்கிறது. தட்டில் சோறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டுவதில்லை. நான்கு இட்லி சாப்பிட்டவருக்கு எழுதிய அளவு, இரண்டு முட்டையோடு எழுந்துவிடுபவருக்கும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டேதான் இருக்கும். உணவை மாற்றச் சொன்னவர்கள் மாத்திரையைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

மாங்கனி நகர்:

மருந்தாளுநர் அண்ணன் சொன்னது உண்மைதான். ஆனால் படிப்பவர்கள் இந்த உணவுமுறையே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. என் கணவருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4, இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 380. நாங்கள் சோற்றைக் குறைக்கப் போகிறோம் என்றதும் மருத்துவர் அன்றே கிளிமிபிரைடைப் பாதியாக்கி, வீட்டில் அளக்கும் அளவுகளைத் தமக்கு அனுப்பச் சொன்னார். அடுத்த பரிசோதனையின்போது ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, இரண்டு அறிக்கையும் ஒரே ஆளுடையதுதானா?" என்று கேட்டார். எச்பிஏ1சி 6.3, டிரைகிளிசரைடு 140. மிகுதியான மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் அனுப்புவதால், அதைக் குறைத்தவுடன் டிரைகிளிசரைடுதான் முதலில் இறங்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் சற்று ஏறியதையும் மறைக்க விரும்பவில்லை. நெய்யைக் குறைத்துக் கடலையும் மீனும் சேர்த்தோம். சர்க்கரை அளக்கும் கருவி வீட்டில் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

அத்தைமகள்:

"கருவி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை" என்ற வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். எங்கள் அத்தை டாபாகிளிஃப்ளோசின் என்ற வேறொரு சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொண்டே அரிசியை அறவே நிறுத்தியிருந்தார். வாந்தி எடுத்தார், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தது. கருவியில் 168. அதைக் காட்டி, சர்க்கரை நன்றாகத்தானே இருக்கிறது, வாயுத் தொல்லையாக இருக்கும் என்று முதலில் போன இடத்தில் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த 168 என்ற எண் திரையில் ஒளிர்ந்ததும் நாங்கள் எல்லோரும் நிம்மதியடைந்ததும் எனக்கு மறக்கவில்லை. இரண்டாவது மருத்துவமனையில், உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் அமிலப் பொருளான கீட்டோனைச் சோதித்த பிறகே, இரத்தம் அமிலமாகிவிட்டது என்று தெரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுவதால் கருவி உயர்ந்த எண்ணைக் காட்டாமலே போகலாம். இன்சுலின் குறைந்திருக்கும் வேளையில் கல்லீரலோ கீட்டோனை உற்பத்தி செய்துகொண்டே போகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இலேயே இது குறித்து எச்சரித்திருக்கிறது.

கேழ்வரகுக் காடு:

என் அனுபவம் சிறியது. பக்கத்து வீட்டு அக்கா சோற்றுக்குப் பதில் மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி குடித்துவிட்டு, சர்க்கரை இறங்கவில்லையே என்று என்னிடம் அழுதார்.

யாரும் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நூறு கிராம் கேழ்வரகிலும் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்துதான்; நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல் என்பதால் அது குறைமாவு உணவாகிவிடாது. கஞ்சியாகக் காய்ச்சினால் இன்னும் விரைவாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். அதேவேளை, அரிசியை முற்றிலும் துறந்தால்தான் பயன் என்பதும் சரியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் 18,090 பேரின் உணவுத் தரவை வைத்து 2022-இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள் அதிலிருந்து மீள, மொத்த ஆற்றலில் 49 முதல் 54 விழுக்காடு மாவுச்சத்தும் 20 விழுக்காட்டை ஒட்டிய புரதமும் பொருத்தமானவை. நம் வீடுகளில் மாவுச்சத்து இதைவிட மிக அதிகம். ஆகவே இரண்டாம் முறை சோறு வாங்குவதை நிறுத்தி, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ கீரைப் பொரியலோ வைத்தாலே பெரும்பாலோருக்குப் பெரிய மாற்றம். தட்டில் காய் முதலில், சோறு கடைசியில் என்பதையும் கடைப்பிடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்ட வேண்டாம். கர்ப்பிணிகளும் முதல்வகை நீரிழிவு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

மாங்கனி நகர்:

அத்தைமகள் அவர்களே, என் கணவர் அந்த வகை மாத்திரை எடுக்கவில்லை, அதனால்தான் அப்படி எழுதினேன். "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரை எடுப்பவர்கள் உங்கள் பதிவையே பின்பற்றட்டும்.

வடக்குவீதி:

சர்க்கரை மாத்திரையை மட்டுமே பேசுகிறீர்கள். என் அண்ணன் இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சேர்ந்த மருந்து எடுப்பவர்; உணவை மாற்றிய முதல் வாரத்தில் பூசையறையில் உட்கார்ந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். இன்சுலின் குறைந்ததும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடுகிறது, மாத்திரையும் அதையே செய்கிறது. அழுத்தம் 90/60. மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தினார். உணவுமுறையைத் தொடரச் சொன்னார்.