பிவட் – ‘மழுப்பல்’ வேண்டாம், ‘மடைமாற்று’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

தேர்தல் விவாதத்தில் கேட்ட கேள்வியை லேசாகத் தொட்டுவிட்டுத் தனக்குச் சாதகமான பேச்சுக்குத் தாவுவதைத்தான் ஆங்கிலத்தில் பிவட் (pivot) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசியபோது, இங்கே ஒரு ஐயா ‘மழுப்பல்’ என்றார். அது எனக்கு ஒப்பவில்லை. மழுப்பினால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். பிவட் சரியாக அமைந்தால் பதில் கிடைத்துவிட்டதாகவே தோன்றும். பிவட்டின் நேர்ப்பொருளான ‘சுழலச்சு’ இயந்திரத்துக்குப் பொருந்தும், பேச்சுக்கு ஒட்டவில்லை.

1988 அக்டோபர் 5, ஒமாஹா நகரில் நடந்த அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தைப் பாருங்கள். திடீரென்று அதிபர் பொறுப்பு உங்களிடம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று வேட்பாளர்களில் ஒருவரான டான் குவேலிடம் கேட்டார்கள். முதலில் பிரார்த்தனை செய்வேன், பிறகு அதிபரின் ஆட்களைக் கூட்டிப் பேசுவேன் என்றார். அடுத்த வாக்கியத்திலேயே, இந்தக் கேள்வி என் தகுதியைப் பற்றியது என்று சொல்லித் தன் அனுபவத்துக்குப் போய்விட்டார். கேள்வி அங்கேயே நின்றுபோனது, பேச்சு மட்டும் ஓடியது.

வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர் செய்வதும் இதுதான். ஒரு பாத்தியின் வாயை ஒரு வெட்டு மண்ணால் அடைத்து, அடுத்ததைத் திறந்துவிடுவார். தண்ணீர் நிற்காது, போகும் இடம்தான் மாறும். அதனால்தான் ‘மடைமாற்று’ என்கிறேன். “அமைச்சர் விலைவாசிக் கேள்வியை மடைமாற்றினார்” என்று வினையாகவும் தடையின்றி வருகிறது.

நிதியை மடைமாற்றினார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதுவதால் குழப்பம் வராதா என்று கேட்கலாம். வராது. ஒன்றுக்கென்று வந்தது வேறொன்றுக்குப் போகிறது என்பதுதானே இரண்டிலும் பொருள்? பழகிய சொல் என்பது எனக்குக் கூடுதல் பலமாகவே படுகிறது.

அப்புறம், திருப்பத்தை நடத்தும் அந்த ஒற்றை வாக்கியத்துக்கும் பெயர் வேண்டும். குவேலின் “இந்தக் கேள்வி என் தகுதியைப் பற்றியது” போன்றவை. ‘மடைவாய்’ என்று வைக்கலாமா? மாணவர்களுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்லித்தர வேண்டும். அந்த வாக்கியத்தைப் பிடித்துவிட்டால், விட்டுப்போன கேள்வியைத் திரும்பக் கேட்க முடியும். அன்று ஒமாஹாவில் அப்படித்தான் மறுபடி மறுபடி கேட்டார்கள். கடைசியில் குவேல் தன் அனுபவத்தை முன்னாள் அதிபர் ஜான் (ஜாக்) கென்னடியின் அனுபவத்தோடு ஒப்பிட, “நீங்கள் ஜாக் கென்னடி இல்லை” என்று எதிரே நின்ற போட்டி வேட்பாளர் லாயிட் பென்ட்சன் சொன்னதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது.

‘மழுப்பல்’ சொன்ன ஐயாவுக்கு ‘மடைமாற்று’, ‘மடைவாய்’ இரண்டும் சம்மதமா என்று தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.