தாய்லாந்து எழுத்தில் தேடல்: பத் தாய் கிடைக்கிறது, சோம் தம் கிடைக்கவில்லை

பாங்காக்_பையன்:
இங்கே ஒரு சின்ன உணவகத்துக்கு மெனு தேடும் பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பைத்தான் நிரல்மொழி, எஸ்கியூலைட் டேட்டாபேஸ். தாய்லாந்து எழுத்தில் பத் தாய் என்று தட்டினால் உடனே வருகிறது. சோம் தம் (பப்பாளிக்காய் சாலட்) வருவதில்லை. நாம் பிளா, அதுதான் மீன் சாஸ், அதுவும் இல்லை. டேட்டாபேஸில் இரண்டும் கண்ணெதிரே இருக்கின்றன. அங்கிருந்து நகலெடுத்து ஒட்டித் தேடினால் கிடைக்கிறது! இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

நிரல்_நாரதர்:
கண்ணை நம்பாதீர்கள். நீங்கள் தட்டியது, டேட்டாபேஸில் இருப்பது, இரண்டையும் எழுத்தெழுத்தாக யூனிகோடு (எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரம்) எண்ணாக்கி அச்சிட்டுக் காட்டுங்கள்.

பாங்காக்_பையன்:
சோம் தம், நான் தட்டியது: 3626, 3657, 3617, 3605, 3635.
டேட்டாபேஸில்: 3626, 3657, 3617, 3605, 3661, 3634.
கடைசி எழுத்து இரண்டாகப் பிளந்திருக்கிறது. யார் செய்த வேலை இது?

எழுத்துரு_பித்தன்:
3635 என்பது சரா அம். மேலே ஒரு குட்டி வட்டம், பக்கத்தில் ஒரு கால். வட்டத்துக்குத் தனியாக 3661 (நிக்கஹித்), காலுக்கு 3634 (சரா ஆ) என்று எண்கள் உண்டு. தாய்லாந்தின் பழைய டிஐஎஸ் 620 தரத்திலேயே சரா அம் ஒற்றை எழுத்துதான், விசைப்பலகையிலும் ஒரே விசை. யூனிகோடு அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கூடவே "பொருத்தத்துக்காக இப்படிப் பிரிக்கலாம்" என்று ஒரு குறிப்பும் வைத்தது. எங்காவது என்எஃப்கேசி (அந்தக் குறிப்புகளின்படி எழுத்துகளை ஒரே சீராக்கும் யூனிகோடு முறை) போட்டீர்களா?

பாங்காக்_பையன்:
ஐயோ, ஆமாம் அண்ணா. விலைப் பட்டியலில் சில இலக்கங்கள் ஜப்பானியப் பாணியில் அகலமாக இருந்தன. அவற்றைச் சரிசெய்ய ஏற்றும்போது போட்டேன். தேடும் சொல்லுக்குப் போடவில்லை. இப்போது டேட்டாபேஸ் முழுக்க என்எஃப்சி (பிரிந்த எழுத்துகளைச் சேர்க்கும் முறை) ஓட்டிப் பார்த்தேன், ஒட்டவே இல்லையே?

எழுத்துரு_பித்தன்:
ஒட்டாது. நம் 'ொ' 3014, 3006 என்று பிரிந்து கிடந்தால் என்எஃப்சி அதை 3018 ஆக்கிவிடும், ஏனென்றால் அவை இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் கணக்கு. சரா அம்முக்கு அந்தச் சலுகை இல்லை. பிரிப்பதற்கு வழி வைத்தார்கள், சேர்ப்பதற்கு வைக்கவில்லை. இனி மாற்றவும் மாட்டார்கள்.

நாம் பிளாவில் இன்னொரு கூத்து. அங்கே மெய்க்கும் சரா அம்முக்கும் நடுவில் தொனிக்குறி 3657 வரும். பிளந்த பிறகு வரிசை தொனி, வட்டம், கால். ஆனால் வட்டம் தொனிக்குக் கீழே உட்கார வேண்டும். முழு சரா அம்மாக இருந்தால் ஹார்ஃப்பஸ் போன்ற வரைவு எந்திரம் வட்டத்தைத் தானே கீழே நகர்த்திக்கொள்ளும். தனியாக வந்த வட்டத்தை அது தொடாது. டேட்டாபேஸில் இருக்கும் நாம் பிளாவைப் பெரிதாக்கிப் பாருங்கள், வட்டம் தொனியின் தலைமேல் ஏறியிருக்கும்.

தீர்வு: 3661ஐ அடுத்து 3634 வந்தால் 3635. வேறிடத்திலிருந்து வந்த உரையில் வட்டம், தொனி (3656 முதல் 3659 வரை), கால் என்றும் இருக்கலாம். அதைத் தொனி, 3635 என்று ஆக்குங்கள். தனியாக நிற்கும் 3661இல் கை வைக்காதீர்கள், பாலி மொழிச் சொற்களில் அதற்கு வேலை இருக்கிறது. அகல இலக்கங்களுக்கு மட்டும் தனியாக ஒரு மாற்று அட்டவணை போதும். அப்புறம், தேடும் சொல்லையும் இதே வழியாக அனுப்புங்கள்.

பாங்காக்_பையன்:
வந்துவிட்டது! சோம் தம், நாம் பிளா இரண்டும். வட்டம் நீங்கள் சொன்ன மாதிரியே தலைமேல்தான் இருந்தது, நான் எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் கேங் (குழம்பு) வகையில் ஒன்று மட்டும் இன்னும் சிக்கவில்லை. தொடக்கத்தில் 3648, 3648 என்று இரண்டு முறை.

நிரல்_நாரதர்:
அது என்எஃப்கேசி செய்ததல்ல. மெனுவைத் தட்டியவர் 3649க்குப் (இரட்டைக் கொம்பு) பதிலாக ஒற்றைக் கொம்பை (3648) இரண்டு முறை அழுத்தியிருக்கிறார். பார்க்க ஒன்றுதான், யூனிகோடுக்கு வேறு வேறு. இதையும் அதே மாற்று வரிகளில் சேர்த்துவிடுங்கள்.