அடுப்பு பற்ற வைக்காத காலையில் ஓட்ஸ் பழ உருண்டை: உங்கள் வீட்டில் எப்படி?

விளாங்குடி அம்மா:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 5 வயது, மகனுக்கு இரண்டரை. பள்ளி வேன் 7.40க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் மகள் வயிற்றில் ஏதாவது போய்ச் சேர வேண்டும், என் காலைக் கவலை முழுவதும் அதுதான். இட்லியை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். தோசை என்றால் நடுப்பகுதியை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் ஒருநாள் விடியற்காலையில் கேஸ் தீர்ந்துபோனது. அன்றைக்கென்று கரண்டும் இல்லை. வீட்டில் இருந்தது மாமனாருக்காக வாங்கிய ஓட்ஸ் பாக்கெட்டில் பாதி, மதுரை யானைக்கல் பகுதியில் வாங்கி வந்து கொடியில் தொங்கவிட்டிருந்த மலைவாழைச் சீப்பு, ஒரு டப்பா பேரீச்சை. அத்தைதான் சொன்னார்கள்: "பழனியில பஞ்சாமிர்தத்துக்கு அடுப்பா வைக்கிறாங்க? பிசைஞ்சு குடும்மா."

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். விருப்பாட்சி மலைவாழை, பேரீச்சை, சர்க்கரை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய் எல்லாவற்றையும் தண்ணீர் சேர்க்காமல், அடுப்பில் ஏற்றாமல் கலந்து வைப்பதுதான் பஞ்சாமிர்தம். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதில் இனிப்பையும் தேனையும் எடுத்துவிட்டு ஓட்ஸைப் போட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பிசைந்து பார்த்தேன்.

முதல் நாள் சரியாக வரவில்லை. மிக்ஸி ஓடாததால் ஓட்ஸை முழுதாகவே போட்டேன். இதழ் இதழாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மகள் துப்பிவிட்டாள். அடுத்தடுத்து ஏழெட்டுத் தடவை செய்த பிறகு கை பழகியது. இப்போது நான் செய்வது இப்படி:

ஒரு கப் ஓட்ஸில் பாதியை மிக்ஸியில் பொடித்துக்கொள்வேன், பாதி அப்படியே இருக்கும். நன்றாகப் பழுத்த மலைவாழை இரண்டு. பேரீச்சை எட்டு, கொட்டை எடுத்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் விரலால் பிளந்து பார்த்துவிடுவேன், எனக்கு இரண்டு முறை கொட்டை அகப்பட்டிருக்கிறது. வறுத்த வேர்க்கடலையைத் தோல் நீக்கிப் பொடித்தது இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் அதே அளவு, ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி. பேரீச்சையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து அரைத்து, வாழைப்பழத்தோடு பிசைந்து, மற்றதையெல்லாம் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு இறுகுகிறது. அவசரப்பட்டு உடனே உருட்டினால் கையெல்லாம் பிசுபிசுக்கும். உள்ளங்கையில் ஒரு சொட்டு நெய் தொட்டுக்கொண்டு நெல்லிக்காய் அளவில் பிடித்தால் ஏறக்குறைய 15 வரும். ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் இருந்தால் போதும்.

வாழைப்பழத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூவன் போட்டால் புளிப்புத் தட்டும், மாவும் தளர்ந்துவிடும். ரஸ்தாளி பரவாயில்லை. ஆனால் மலைவாழைக்கு ஈடு இல்லை. அதில் நீர் குறைவு, சதை இறுக்கம். தோல் கறுத்துச் சுருங்கி, பார்க்கிறவர்கள் தூக்கிப் போடச் சொல்லும் நிலையில்தான் அது நல்ல இனிப்பாக இருக்கும். நத்தத்தை ஒட்டிய சிறுமலையில் விளைகிற பழம் நம் பக்கத்திலேயே கிடைக்கும்போது வேறு எதையும் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் மகள் இதைச் சாப்பிட ஆரம்பித்தது ருசிக்காக இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிண்ணத்தை அவளிடம் கொடுத்து, "கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி நீயே பிடிம்மா" என்றேன். கோணல்மாணலாக ஆறு பிடித்தாள். மறுநாள் காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து, அவள் பிடித்த ஆறையும் தேடி எடுத்து, மூன்றைத் தின்றுவிட்டுத்தான் பல் துலக்கப் போனாள். அதுவரை அவளை எழுப்பிச் சாப்பிட உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்கள் வீட்டில் யாராவது செய்து பார்த்தீர்களா? நல்லதோ கெட்டதோ, நடந்ததைச் சொல்லுங்கள்.

திருநகர் அப்பா:

அக்கா, கெட்டதை நான் சொல்கிறேன். போன ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம். வாழைப்பழம், மாம்பழம் இரண்டும் போட்டு உருண்டை பிடித்து, இடைவேளைக்குச் சாப்பிடட்டும் என்று மகனின் டப்பாவில் காலை 7 மணிக்கு வைத்து அனுப்பினேன். பத்தரைக்கு அவன் மூடியைத் திறந்தபோது புளித்த வாடை. நல்லவேளையாக அவன் சாப்பிடவில்லை. மதுரை வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தும் எனக்கு அது தோன்றாமல் போனது இன்னும் வருத்தம்தான்.

பிசைந்த பழத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊரில் ஏறக்குறைய வருடம் முழுவதும் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான். அதனால் இப்போது வீட்டில் சாப்பிடுவதற்கு வேறு, டப்பாவுக்கு வேறு. டப்பாவுக்குப் போவதில் ஈரப்பழமே கிடையாது: ஓட்ஸ் பொடி, பேரீச்சை, உலர்திராட்சை, வறுத்த எள், கடலைப் பொடி. தேங்காய்த் துருவலும் சேர்ப்பதில்லை, அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும். பேரீச்சையை நனைக்காமல் அப்படியே அரைத்தால் அதன் பசையே பிடிக்கப் போதும். கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கினால் மிருதுவான பேரீச்சையாகப் பார்த்து வாங்கலாம், காய்ந்தது அரைபடாது.

வாழைப்பழம் போட்டதை நாங்கள் முதல் நாள் இரவு பிடித்து மறுநாள் காலையோடு முடித்துவிடுகிறோம். ஃபிரிட்ஜில் இருந்தாலும் இரண்டாம் நாள் நிறம் மாறி, பிள்ளை தொடமாட்டான்.

ஒத்தக்கடை அப்பத்தா:

பேரன் ஃபோனில் இதைத் தட்டித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். அந்த விளாங்குடிப் பிள்ளை இரண்டரை வயதுப் பையனுக்கும் நெல்லிக்காய் அளவு உருண்டை கொடுக்கிறதா? வேண்டாம் தாயி. என் மகள் வயிற்றுப் பேத்திக்கு இரண்டு வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன்.

இதே மாதிரி உருண்டைதான். விளையாடிக்கொண்டே ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். ஓடினவள் நின்றாள். கண் பிதுங்கி, இருமுகிறாள் இருமுகிறாள். நான் பதறிப்போய் விரலை வாய்க்குள் விடப் போனேன். எதிர்வீட்டில் நர்ஸாக இருக்கிற மகராசி ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சத்தமாக இருமுகிற பிள்ளையை இருமவிடணுமாம், அதுவே வெளியே தள்ளிவிடும். நாம் விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். இருமல் சத்தமே வராமல், மூச்சும் வராமல், அழவும் முடியாமல் இருந்தால்தான் பிள்ளையை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தடவை பலமாகத் தட்டணும், இன்னொருவர் 108க்குச் சொல்லணும் என்றாள். எங்கள் பிள்ளை இருமியே வெளியே தள்ளிவிட்டது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அதற்குப் பிறகு உருண்டை என்ற வடிவமே எங்கள் வீட்டில் கிடையாது. சின்னப் பிள்ளைக்குத் தட்டை மாதிரி தட்டி, விரல் அகலத்துக்குக் கீறிக் கொடுப்போம். உட்கார்ந்துதான் தின்னணும். கடலை, பாதாம், முந்திரி எதுவானாலும் 5 வயது வரை பொடியாகத்தான். முழுசாக ஒன்றுகூட இல்லை. மேலே அலங்காரத்துக்குத் திராட்சையை வைக்கிறார்கள் சில பேர். கம்பத்துப் பன்னீர் திராட்சையில் விதை வேறு இருக்கும். நெடுக்குவாக்கில் நான்காக நறுக்கி, விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

ஊமச்சிகுளம் புது அம்மா:

என் பிள்ளைக்குப் பத்து மாதம். பேரீச்சைக்குப் பதில் தேன் விட்டுப் பிசைந்து கொடுக்கலாமா? பிறந்தபோது சேனை வைத்தபோதே நாக்கில் தேன் தொட்டுவைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் சொல்கிறார்கள்.

விளாங்குடி அம்மா:

தேன் வேண்டவே வேண்டாம் தங்கச்சி, ஒரு வயது முடியட்டும். தேனில் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்க வாய்ப்புண்டு. பெரியவர்கள் குடலில் அது வளராது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிள்ளை துவண்டுபோய்ப் பால்கூட உறிஞ்ச முடியாமல் ஆகிவிடும். எல்லாத் தேனிலும் இருக்காது, அதனால்தான் பல வீடுகளில் சேனை வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தால் என்ன செய்வது? பெரியவர்களிடம் சண்டை போடாமல் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். சர்க்கரை, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எதுவும் இரண்டு வயது வரை சேர்க்க வேண்டியதில்லை, பழத்தின் இனிப்பே போதும்.

பத்து மாதப் பிள்ளைக்கு உருண்டையும் வேண்டாம். பொடித்த ஓட்ஸைத் தாய்ப்பாலிலோ கொதித்து ஆறிய தண்ணீரிலோ நன்றாக ஊறவிட்டு, வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்துக் கரண்டியால் ஊட்டுங்கள். கடலையை இதுவரை கொடுத்ததில்லை என்றால் எடுத்த எடுப்பில் இந்தக் கலவையில் போட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஒருநாள் அதை மட்டும் துளியளவு பசையாகக் கொடுத்து, தடிப்போ வாந்தியோ வருகிறதா என்று பாருங்கள்.

அப்பத்தா, நீங்கள் சொன்னதை வாசித்துக் கை நடுங்கிவிட்டது. மகனுக்கு இன்றைக்கே வடிவத்தை மாற்றிவிட்டேன்.

மேலூர் சித்தி:

ஒரே ஒரு விஷயம். மாவு தளர்ந்துபோனால் கோதுமை மாவைத் தூவி இறுக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், அக்கா பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "பச்சை மாவு எதுவும் சாப்பிட்டார்களா?" என்பதுதான். ஓட்ஸை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்துத்தான் தட்டையாக்குகிறார்கள், அதனால் ஊறவைத்தே சாப்பிடலாம். அவலும் பொட்டுக்கடலையும் அப்படித்தான், சூடு பட்டவை. கோதுமை மாவு அப்படியில்லை, பச்சைத் தானியத்தை அரைத்தது. இப்போதெல்லாம் பொட்டுக்கடலைப் பொடிதான் தூவுகிறேன், ருசியும் கூடுகிறது. எங்கள் சின்னவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, அவனுக்கும் இதுதான் கைகொடுக்கிறது.

நெல்பேட்டை ஓய்வுபெற்ற ஆசிரியை:

பணியில் இருந்த காலத்தில் முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "காலைல சாப்பிடல டீச்சர்" என்பார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் நெல்பேட்டையில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு உருண்டை முழுக் காலை உணவு ஆகாது. அதோடு ஒரு டம்ளர் பாலோ, முதல் நாள் அவித்து ஃபிரிட்ஜில் வைத்த முட்டையோ இருக்கட்டும். மதியம் வரை தாங்க வேண்டுமே.

இன்னொன்று. ஓட்ஸ் நம் ஊரில் விளைகிற தானியம் இல்லை. அதற்குப் பதில் சிவப்பரிசி அவலைப் போட்டால் என்ன? என் பேத்திக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். களைந்து, வடிகட்டி, ஐந்து நிமிடம் விட்டால் பூப்போல ஆகிவிடும்.

விளாங்குடி அம்மா:

டீச்சர், ஞாயிற்றுக்கிழமை அவலில் செய்து பார்த்தேன். பிடிப்பதற்கு ஓட்ஸைவிட எளிது, மணமும் நன்றாக இருந்தது. ஆனால் ஃபிரிட்ஜில் வைத்ததும் மறுநாள் காலையில் விறைத்துவிட்டது. பழைய சோறு ஃபிரிட்ஜில் இறுகுவது போல. ஓட்ஸ் அப்படி ஆவதில்லை. ஆகவே காலையில் பிசைந்து உடனே கொடுக்க நேரம் இருக்கும் விடுமுறை நாளில் அவல், வேன் வரும் நாளில் ஓட்ஸ் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பாலும் சேர்த்துவிட்டேன். முட்டைக்கு மகள் இன்னும் சம்மதிக்கவில்லை.

நேற்று இரவு தம்பிக்குத் தட்டையாகத் தட்டுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. காலையில் அவன் தட்டில் இருந்ததில் எல்லாம் அவள் விரல் பள்ளம். அதற்குள் துளி நெய் விட்டுக் கொடுத்தேன், நான்கு தின்றான்.